குதிரைமேட்டில் நாலாம் கியர்

பள்ளக்காட்டூருக்குப் பெயர் வைத்தவன் அதிகம் மெனக்கெடவில்லை. ஊர் பள்ளத்தில் இருந்தது, சுற்றிலும் காடு இருந்தது, பெயரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான், ஆனால் கிளம்பும்போது அவனும் மூச்சு வாங்கிக்கொண்டு குதிரைமேட்டைத்தான் ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஊரைவிட்டு வெளியே போக வேறு வழியே கிடையாது. கல்யாணத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் செங்குத்தான அந்த ஏற்றத்தை ஏறித்தான் மெயின்ரோட்டைத் தொட முடியும். அதனால் மற்ற ஊர்களில் படிப்பையும் தோட்டத்தையும் வைத்து ஆளை எடைபோடுவது போல, பள்ளக்காட்டூரில் ஒருவன் எந்த கியரில் மேடு ஏறுகிறான் என்பதை வைத்து எடைபோட்டார்கள். முதல் கியரில் முக்கி முனகி ஏறுகிறவனுக்குப் பந்தியில் கடைசி இலை. பெண் கேட்டு வந்தவர்களிடம், மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்பதற்கு முன்னால், "எந்த கியர்ல மேடு ஏறுவாருங்?" என்று கேட்டார்கள். மூன்றாம் கியரில் ஏறிய ஒரே ஆள் காலஞ்சென்ற ஒரு பஞ்சாயத்துத் தலைவர். அவருடைய படத்துக்கு இன்றும் மாலை மாறாமல் விழுகிறது. நாலாம் கியரில் யாரும் ஏறியதில்லை. அம்மன் சப்பரத்தையே டிராக்டரில் கட்டி முதல் கியரில்தான் ஏற்றினார்கள், அம்மனும் அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த ஊரில் தேங்காய் மண்டி வைத்திருந்த சென்னியப்பன், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய காரை வாங்கி வந்தார். அந்த நிறத்தில் கார் வாங்குவது துணிச்சலா, கண் பார்வைக் கோளாறா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி தெய்வாத்தாள் வழக்கப்படி டயருக்கடியில் எலுமிச்சை வைத்து நசுக்கி, முன்பக்கம் கறுப்புத் திருஷ்டிக் கயிறு கட்டி, மிளகாயையும் உப்பையும் காரைச் சுற்றி மூன்று தடவை இறக்கி நெருப்பில் போட்டாள். நெருப்பில் போட்ட மிளகாய் கமறினால் கண் படவில்லை, கமறாவிட்டால் யாருடைய கண்ணோ பட்டிருக்கிறது. அன்று மிளகாய் கருகிச் சாம்பலானது, ஒருவர்கூட இருமவில்லை.

"பாத்தீங்ளா, ஊருக் கண்ணு பூராவும் இதும் மேலதான்" என்றாள் தெய்வாத்தாள் கவலையோடு.

கவலைப்பட வேண்டிய விஷயம் அதுவல்ல. அந்தக் காரில் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை. இஞ்சினில் ரிங் தேய்ந்து, அமுக்க வேண்டிய காற்றை அமுக்காமல் கசியவிட்டு, புகையைக் கக்கிக்கொண்டு முதல் கியரில் அது மேடு ஏறும்போது மாட்டு வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிட்டார்கள். சென்னியப்பனுக்கு மானம் போனது. மெக்கானிக் ஃபெலிக்ஸைக் கூப்பிட்டார். எதையும் கழற்றத் தெரிந்த, மாட்டும்போது சில சாமான்களை மிச்சம் வைக்கிற ஃபெலிக்ஸ், காற்று வடிகட்டியின் கிளாம்பை உடைத்துவிட்டு, வேறு கிளாம்பு கைவசம் இல்லாததால் பம்பரில் தொங்கிய திருஷ்டிக் கயிற்றை அவிழ்த்து வடிகட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் காரணம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளலாம், ஊர் தேடவில்லை.

மறுநாள் காலை சென்னியப்பன் காரை எடுத்துக்கொண்டு தெருவில் வந்தார். மேட்டுக்குக் கீழே, ஊரின் கடைசி வீடு அவருடைய தம்பி நாச்சிமுத்துவின் வீடு. நாச்சிமுத்துவுக்குச் சொத்தென்று சொல்ல எருமைகளும் மூன்று பெண் பிள்ளைகளும் உண்டு. அந்நேரம் அவர் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்க, ஒரு மகள் அவர் தலைக்கு எண்ணெய் தேய்க்க, இன்னொருத்தி ஏதோ சொல்ல, அவர் பெண்டாட்டி ருக்மணி சாணிக் கையோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கார் சத்தம் கேட்டதும் நாச்சிமுத்து முகத்தைத் திருப்பி, கண் கொட்டாமல் காரையே பார்த்தார். அந்தக் கணத்தில் இஞ்சின் உறுமியது. சென்னியப்பனின் நெஞ்சுக்குள் ஒரு சூடு ஏறியது, இஞ்சின் சூடு என்று நினைத்துக்கொண்டார். கார் இரண்டாம் கியரைக் கேட்டது, கொடுத்தார், மூன்றாம் கியரைக் கேட்டது, பயந்துகொண்டே கொடுத்தார், பழைய பஞ்சாயத்துத் தலைவரின் படத்தில் மாலை கழன்று விழுகிற மாதிரி மேட்டின் உச்சியில் போய் நின்றார். பெட்ரோல் முள் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

ஃபெலிக்ஸ் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, காற்றை மோந்து பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னான்.

"இஞ்சினுக்கு நாலே வேலைதானுங்ண்ணா. இழுக்கோணும், அமுக்கோணும், எரிக்கோணும், துப்போணும். காத்தையும் பெட்ரோலையும் உள்ள இழுக்கும். பிஸ்டன் மேல வந்து அமுக்கும். பிளக்கு பொறி தட்டும். வெடிக்கிற வேகத்துல பிஸ்டன் கீழ ஓடும், அந்த ஓட்டந்தான் சக்கரத்தச் சுத்துது. மிச்சத்தச் சைலன்சர் துப்பீரும். எல்லா வண்டியும் இப்படித்தான். உங்க வண்டி மட்டும் பெட்ரோலுக்குப் பதிலா கண்ண இழுக்குதுங்."

"எந்தக் கண்ண?"

"ஊருக் கண்ணத்தானுங். பொறாம. நம்மூர்ல அதுக்கென்ன பஞ்சம்?"

சென்னியப்பன் குனிந்து இஞ்சினை எட்டிப் பார்த்தார். "அப்ப பெட்ரோல் டேங்க் எதுக்கு?"

"வெட்டிச் சொமைங்ண்ணா" என்றான் ஃபெலிக்ஸ். டேங்க் அன்றைக்கே கழற்றப்பட்டது.

ஊர் ஆச்சரியப்படவில்லை, கோபப்பட்டது. இத்தனை காலமாக வீணாகப் போயிற்றே என்கிற கோபம். எதிர் வீட்டைப் பார்த்து வெந்துகொண்டே வாழ்ந்து செத்துப்போன அப்பன் பாட்டன்களின் உழைப்பையெல்லாம் ஒரு வண்டியில் கட்டியிருந்தால் நிலாவுக்கே போய்த் திரும்பியிருக்கலாம் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் கண்கலங்கினார். வாரம் முடிவதற்குள் கார், வேன், மொபெட், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றிலும் கறுப்புக் கயிறு ஏறியது. பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர் பம்புகளைப் பிடுங்கிவிட்டுப் பரோட்டாக் கடை போட்டார். எலுமிச்சை விற்றவர்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். பூசணிக்காய் உடைப்பதும் கற்பூரம் சுற்றுவதும் எரிபொருளை வீணடிக்கும் குற்றம் என்று தண்டோரா போடப்பட்டது. தெய்வாத்தாளின் திருஷ்டித் தட்டைச் சென்னியப்பன் பரண்மேல் ஏற்றி வைத்தார்.

"கண்ணு கழிக்காத வண்டில நான் ஏற மாட்டேனுங்" என்றாள் அவள்.

"வெயிட்டு கொறையும்" என்றார் அவர்.

ஃபெலிக்ஸ் பெரிய ஆளாகிவிட்டான். இஞ்சினின் சக்தியைக் கூட்ட உலகம் முழுக்க என்ன வழி உண்டோ அதே வழிதான் இதற்கும் என்று அவன் கருத்தரங்கு நடத்தினான். அதிகக் காற்று உள்ளே போக வேண்டும், ஆகவே கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்து, பார்க்கிற கண் பெருகும். அமுக்கம் கூட வேண்டும். வாய்விட்டுத் திட்டிவிடுகிற பொறாமை பஞ்சரான டியூபுக்குச் சமம், சிரித்த முகத்தோடு உள்ளேயே வைத்து அமுக்குகிறவனின் பொறாமைதான் பிஸ்டனைத் தள்ளும், ஆகவே நாகரிகமான ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள். பொறி சரியான நேரத்தில் விழ வேண்டும், ஆகவே அவன் பையன் பரீட்சையில் தோற்ற அன்றைக்கு உன் பையன் மார்க்கைச் சொல். எரிந்தது தடையில்லாமல் வெளியேற வேண்டும். அது சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாக, "நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்கிற லேசான சத்தத்தோடு வெளியேறியது. அந்தப் புகையில் ஜவ்வாது மணந்தது.

சரக்கிலும் தரம் பிரித்தார்கள். வழிப்போக்கன் கண் மண்ணெண்ணெய்க்குச் சமம், புகையும். பக்கத்து வீட்டுக்காரன் கண் சாதா பெட்ரோல். சகலையின் கண் பந்தயக் கார்களுக்கானது. எல்லாவற்றுக்கும் மேலே உடன்பிறந்த பங்காளியின் கண். அதைக் கலப்படமில்லாமல் ஊற்றினால் இஞ்சின் தாங்குமா என்பதே ஃபெலிக்ஸின் சந்தேகம். எல்லோரும் பொறாமைப்படவைக்கத் துடித்ததில், உட்கார்ந்து பொறாமைப்பட ஆள் பற்றாமல் போன ஒரு மாதம் ஊர் தடுமாறியது. அப்போது வெளியூர்ச் சொந்தபந்தமான ஒறம்பறையை விருந்துக்கு அழைத்து, பட்டுப் பாயில் உட்காரவைத்து, வீட்டையும் நகையையும் காட்டி, அவர்கள் முகம் கறுத்ததும் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினார்கள். இருப்பது போதும் என்று நினைக்கிறவர்கள் மெயின் தெருவில் நிற்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். அப்படி யாரும் இல்லாததால் பலகை எவரையும் பாதிக்கவில்லை.

சென்னியப்பனின் வண்டிக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. ஊர் முழுக்க வண்டிகள் திணறிய நாளில்கூட, நாச்சிமுத்துவின் வீட்டைத் தாண்டும்போது அது சிங்கம்போலக் கர்ஜித்துக்கொண்டு மூன்றாம் கியரில் ஏறியது. நாச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பி, கண் கொட்டாமல் பார்த்தார். ஊரே அதைக் கவனித்தது. "எப்படிப் பாக்கறான் பாருங், முழுங்கீருவானாட்ட" என்றார்கள். சொந்தத் தம்பி இப்படி வெந்து சாகிறானே என்று சென்னியப்பனுக்கு வருத்தமாகவும் இருந்தது, வருத்தத்தைவிடப் பெருமை கொஞ்சம் அதிகமாகவும் இருந்தது.

எருமை கன்று போடும்போதெல்லாம் நாச்சிமுத்து சீம்பால் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் கொடுப்பது வழக்கம். அண்ணன் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்ததைத்தான் சாப்பிடுவார், அதற்கென்றே ருக்மணி வேகவைத்துக் கொடுத்தனுப்புவாள். அந்தத் தடவை நாச்சிமுத்து ஒரு மகள் கையைப் பிடித்துக்கொண்டு தூக்குப்போசியோடு வாசலில் வந்து நின்றபோது ஃபெலிக்ஸ் உள்ளேயிருந்து பதறினான்.

"வேண்டாமுங்ண்ணா! வாங்கித் தின்னுட்டுச் சிரிச்சுப் பேசிப்போட்டீங்கன்னா அவர் மனசு குளுந்துரும். குளுந்தா இஞ்சின் போச்சு."

சென்னியப்பன் கதவுக்குப் பின்னால் நின்றார். வேகவைத்த சீம்பாலின் மணம் கதவிடுக்கு வழியாக வந்தது. அவருக்கு வாயில் எச்சில் ஊறியது, அதை விழுங்கிவிட்டு, "அப்பறமேட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.  நாச்சிமுத்து தூக்குப்போசியை வாசற்படியில் வைக்கலாமா என்று தடவிப் பார்த்தார், பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. தெய்வாத்தாள் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஊரில் மேலும் சில குடும்பங்கள் இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த தம்பிமார்களோடு அவசர அவசரமாகச் சண்டை போட்டுக்கொண்டன.

பிறகு ஒரு நாள் நல்ல வெயில் நேரத்தில், வைக்கோல் பிடுங்கப் போன நாச்சிமுத்து, போருக்கடியில் சுருண்டு கிடந்த கண்ணாடிவிரியனை மிதித்துவிட்டார்.

ருக்மணியின் கூச்சல் கேட்டு ஊர் ஓடிவந்தது. வந்தவர்கள் மூன்று பெண் பிள்ளைகளையும் பார்த்தார்கள், வீங்கிய காலைப் பார்த்தார்கள், "ஐயோ பாவமே" என்று ஒரே குரலில் அலறினார்கள். பள்ளக்காட்டூர் மனசாரப் பரிதாபப்பட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. வந்தது வெள்ளமாக வந்தது. அதில் ஒவ்வொரு வண்டியாக அணைந்தது. வேன்காரன் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினான், ஒரு செருமல்கூட இல்லை. அந்த நிமிஷத்தில் ஊரில் யாருக்கும் யார்மேலும் பொறாமை இல்லை, ஆகவே ஊரில் ஓடுகிற வண்டி ஒன்றும் இல்லை. சொட்டுப் பெட்ரோல் கிடையாது, பங்கில் பரோட்டா வெந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள்; அது வேறொரு மூலையிலிருந்து வர வேண்டும், அதுவரை விஷம் காத்திருக்காது. நல்ல மனசுக்காரர்களாக மாறிய அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

சென்னியப்பன் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். எப்படி ஓடியது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. நாச்சிமுத்துவைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். ருக்மணி மடியில் தலை, பெரியவள் மடியில் கால், சின்னவள் கீழே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள், நடுவிலவள் முன் சீட்டில் ஏறி முழங்காலிட்டுத் திரும்பி அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் மேட்டடிக்கு வந்தது, இரண்டு கஜம் ஏறியது, பெருமூச்சு விட்டது, நின்றது.

சென்னியப்பனுக்கு விஷயம் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தார். தம்பிக்கு நினைவு தப்புகிறது, தம்பியின் கண் மூடுகிறது, பெட்ரோல் தீர்கிறது. எப்படியாவது அவனைப் பொறாமைப்படவைக்க வேண்டும்.

"டேய் நாச்சி! கண்ணத் தொற! என்ற வண்டியப் பாருடா! சீட்டெல்லாம் புதுசு! மண்டில புது செட்டுப் போட்டாச்சு! மூணு போகம் காயி! உனக்கென்னடா இருக்குது, எரும தவிர? பாருடா!"

"மாமா, என்ன பேச்சு இது?" என்று ருக்மணி அழுதாள்.

நாச்சிமுத்து உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "உங்க வண்டி என்ன கலருங்ண்ணா?"

"என்னடா கேக்கற?"

"கண்ணுல பொரை விழுந்து ரொம்ப நாளாச்சுங்ண்ணா. எல்லாம் மசமசன்னு கெடக்கும். உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் அன்னைக்கு வந்தேன், சீம்பாலோட. வண்டிச் சத்தத்த வெச்சுத்தான் நீங்க போறீங்கன்னு தெரியும். சத்தம் வர்ற பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன்."

"எதுக்குடா?"

"அண்ணன் போறாரேன்னு."

சென்னியப்பனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தார். தம்பியின் நெற்றி வியர்வையை ருக்மணி முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பெரியவள் அந்த வீங்கிய காலை அசையாமல் பிடித்திருந்தாள். சின்னவள், "அப்பா, தூங்காத, அப்பா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இதே மாதிரி நான் கிடந்தால் என் காலை யார் மடியில் வைப்பார்கள், என்னை அப்பா என்று கூப்பிட்டுத் தூங்கவிடாமல் செய்ய யார் இருக்கிறார்கள் என்று நினைத்தார், நினைத்ததும் நெஞ்சுக்குள் அந்தச் சூடு ஏறியது, தினமும் காலையில் இந்த வீட்டைத் தாண்டும்போது ஏறுகிற அதே சூடு. இஞ்சின் உறுமியது.

அந்தச் சூடு எப்போதும் இஞ்சினிலிருந்து வந்ததில்லை என்று அவருக்குத் தெரிந்துபோனது. வெட்கமாக இருந்தது, அவமானமாக இருந்தது, ஆனால் வெட்கத்தில் கார் ஓடாது, அதை ஃபெலிக்ஸ் சோதித்துப் பார்த்திருக்கிறான். ஆகவே வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மனசைத் திறந்துவிட்டுப் பொறாமைப்பட ஆரம்பித்தார்.

"எனக்கு வயிறு எரியுதுடா நாச்சி" என்று கத்தினார். "உன்ற கட்டலப் பாத்து எரியுது. உனக்கு எண்ணெ தேச்சு விடறாங்களே, அதப் பாத்து எரியுது. நீ என்ன சொன்னாலும் உன்ற பொண்டாட்டி சிரிக்கறாளே, என்னத்தடா சொல்லுவ அப்படி? பண்டிகையன்னைக்கு உன்ற வீட்டுல சத்தம் கேக்குமே, நான் ரேடியோவப் பெருசா வெச்சுக்குவேன்டா!"

கார் பாய்ந்தது. இரண்டு, மூன்று. குதிரைமேட்டின் மிகச் செங்குத்தான வளைவில், பெரிய பெரிய லாரிகள் பின்னால் உருண்டிருக்கிற இடத்தில், கியர்க்கம்பி தானாகத் துடித்து நாலாம் கியரைக் கேட்டது. கொடுத்தார். பள்ளக்காட்டூரின் சரித்திரத்திலேயே நடந்திராத அந்தக் காரியத்தைப் பார்க்க மேட்டில் ஒரு ஜீவன் இல்லை. இருந்த ஒரே ஆண்பிள்ளைச் சாட்சி கண் தெரியாமல் விஷம் ஏறிக் கிடந்தது.

"எந்த கியருங்ண்ணா?" என்று கேட்டது அந்தச் சாட்சி.

"நாலுடா."

"பொய்."

"உன்ற மேல சத்தியம்."

"என்ற மேல வேண்டாமுங், இன்னைக்கு" என்றார் நாச்சிமுத்து.

பிழைத்துக்கொண்டார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மூன்று பெண் பிள்ளைகளையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாலையில், தம்பி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான் என்ற சேதி வந்தபோது சென்னியப்பன் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சத்தம் போட்டு, ஊர்க்காரன் எவனும் பக்கத்தில் இல்லாத தைரியத்தில் நன்றாக அழுதார். எழுந்து போய்ச் சாவியைத் திருகினால் கார் கிளம்பவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் மரத்தடிவரை தள்ளிப் பார்த்தார்கள், அதற்கும் இல்லை. அவர் மனசுக்குள் தேடிப் பார்த்தார், துளிகூட மிச்சமில்லை. அங்கேயே விட்டுவிட்டார்; இன்றும் அந்த மரத்தடியில் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது, காக்கைகள் உபயோகிக்கின்றன.

ருக்மணியும் பிள்ளைகளும் முந்தின நாளே வீடு திரும்பியிருக்க, டிஸ்சார்ஜ் ஆன அன்று அண்ணனும் தம்பியும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். அதற்குள் ஊர் திருந்தியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் பள்ளக்காட்டூரை அறியாதவர்கள். பரிதாப வெள்ளம் ரெண்டு நாளில் வடிந்துவிட்டது. விரியன் கடித்தும் பிழைத்தானே, அவனுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு ஆயுசு என்று நாலு பேர் நினைக்க ஆரம்பித்ததும் எல்லா வண்டிகளும் முன்னைவிட ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸைவிட்டு இறங்கியவர்களை ஃபெலிக்ஸ்தான் முதலில் பிடித்தான்.

"நாலாம் கியர்ல ஏறுனீங்ளாமா? எந்தச் சரக்குங்ண்ணா? தம்பி கண்ணா?"

"உள்ளூர்ச் சரக்கு" என்று சொல்லிவிட்டுச் சென்னியப்பன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

கடைசி வீட்டு வாசலில் தெய்வாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். பரணிலிருந்து தட்டு இறங்கியிருந்தது. தண்டோராவை மதிக்காமல் மிளகாய், உப்பு, கடுகு, தெருமண் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். நாச்சிமுத்து கிழக்குப் பார்த்து நின்றார்.

"நீங்களும் நில்லுங்" என்றாள் புருஷனைப் பார்த்து.

"எனக்கெதுக்கு? என்மேல யாரு கண்ணு வெச்சா?"

"வெச்சவரு கண்ணையும் கழிக்கோணுமுங்" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சென்னியப்பன் தம்பியை ஒட்டி நின்றார். அவள் இருவரையும் சேர்த்து மூன்று தடவை சுற்றி, துப்பச் சொல்லி, எல்லாவற்றையும் நெருப்பில் கொட்டினாள். ருக்மணியும் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கடுகு வெடித்தது, மிளகாய் கறுத்தது, அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு நெடி, பள்ளக்காட்டூர் மறந்தே போயிருந்த நெடி. எருமைகள் செருமின. பரோட்டாக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை விட்டு எழுந்தார்கள். தெருவில் ஜோராகப் போய்க்கொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் திணறி நின்றன. இறங்கியவர்களெல்லாம் கண்ணீரும் மூக்குமாக இருமிக்கொண்டு, எவனடா இந்த வேலை செய்தது என்று கத்தினார்கள்.

சென்னியப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். நாச்சிமுத்துவும் இருமினார், இருமலுக்கு நடுவே சிரித்தார்.

"உள்ள வாங்ண்ணா, தண்ணி குடிங்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "ராத்திரி எரும கன்னுப் போட்டிருக்குதாமா. ருக்கு வேகவெச்சிருக்கறா. வெல்லம் போட்டு."